மருந்தடிக்கும் முன் கதவிடுக்கைப் பாருங்கள்

திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குத் தணிக்கைக்கு வருகிறவர்கள் தவறாமல் கேட்கும் கோப்புகளில் ஒன்று பூச்சிக் கட்டுப்பாட்டுப் பதிவேடு. எந்தத் தேதி, எந்தப் பகுதி, என்ன மருந்து, எவ்வளவு, அடித்தவர் யார், கையெழுத்து. காங்கயம் சாலைப் பக்கம் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் அந்தக் கோப்பு என் பொறுப்பு. தீயணைப்பான், முதலுதவிப் பெட்டி, ஓவர்டைம் கணக்கு, குடிநீர்ச் சோதனை அறிக்கை என்று கம்ப்ளையன்ஸ் சம்பந்தப்பட்ட எல்லாமே என் மேசைக்குத்தான் வரும். கோடை மழைக்குப் பிந்திய வாரங்களில் அந்தப் பதிவேட்டில் 'காரணம்' என்ற கட்டத்தில் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதியிருப்பார்கள்: விஷப்பூச்சி.

அடித்ததைக் கொண்டுவந்து காட்டச் சொல்வேன். எல்.ஆர்.ஜி. அரசு மகளிர் கல்லூரியில் விலங்கியல் படித்தவள் நான். பார்க்காமல் கையெழுத்துப் போட மனம் வராது. சில நாள் மரவட்டையாக இருக்கும், சில நாள் பூரானாக இருக்கும். ஆனால் செக்கிங் பெண்கள் மேசைமேல் ஏறி நின்றார்கள், கட்டிங் ஆட்கள் கத்தரியைப் போட்டுவிட்டு ஓடினார்கள் என்று சொல்லி அட்டையில் வைத்து எடுத்துவருவது பெரும்பாலும் ஒட்டகச் சிலந்தி. மணல் நிறம், உடம்பெல்லாம் நீண்ட மயிர், கால்களை விரித்தால் உள்ளங்கை அகலம், முகத்துக்கு முன்னால் புடைத்து நிற்கும் இரண்டு தாடைகள். "கடிச்சா ஆள் அவ்வளவுதானுங்க மேடம், அதான் அடிச்சுப் போட்டனுங்க" என்பார் வாட்ச்மேன் அண்ணன். கடித்தால் வலிக்கும். ஆள் சாகமாட்டார். அதற்கு விஷப் பல்லும் இல்லை, கொட்டும் கொடுக்கும் இல்லை. விஷமே இல்லாத ஓர் உயிரைக் காரணம் காட்டி, நூற்றுக்கணக்கான பேர் நாள் முழுக்க மூச்சுவிடும் கூடத்தில் நாம் விஷம் தெளிக்கிறோம். இதை நிறுத்த வேண்டும் என்பதே என் கோரிக்கை.

பயப்படுகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவு எட்டரைக்கு விடுதிக்குத் திரும்பும் பெண், குளியலறைச் சுவரில் அதைப் பார்த்தால் அலறத்தான் செய்வாள். அது ஓடும் வேகம் அப்படி. தோற்றமும் அப்படி. ஆனால் அவளுடைய பயத்துக்கு நாம் தரும் பதில் உண்மையாக இருக்க வேண்டும். அதற்கு அந்த உயிரைப் பற்றி ஓரளவு தெரிந்திருக்க வேண்டும்.

அது சிலந்தி வகையைச் சேர்ந்தது இல்லை. தேளும் இல்லை. இரண்டுக்கும் தூரத்து உறவான தனிக் குலம். உலகில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள். பெரும்பாலும் வறண்ட நிலங்களில் வாழ்கின்றன. ஆஸ்திரேலியாவில் இல்லை, ஆசியா, ஆப்பிரிக்கா, அமெரிக்கக் கண்டங்களில் உண்டு. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் இந்தக் குலத்தின் புதைபடிவம் ஒன்று கிடைத்திருக்கிறது. வயது சுமார் 30 கோடி ஆண்டு. டைனோசர்கள் வருவதற்கு வெகுகாலம் முன்பே இவை இருந்திருக்கின்றன. இந்தியாவில் இரண்டு குடும்பங்களை அதிகம் சொல்வார்கள். நீண்ட கால்களும் வெளிர் நிறமும் கொண்டு விரைந்து ஓடுவது கேலியோடஸ் வகை. கால் குட்டையாக, உடம்பு தடித்துக் கருத்திருப்பது ராகோடஸ் வகை. கம்பெனிக்குள் அலறல் கிளப்புவது முதல் வகை.

பார்க்கிறவர்கள் முதலில் எண்ணுவது கால்களை. பத்து என்பார்கள். எண்ணிக்கை தப்பில்லை, ஆனால் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் முதல் ஜோடி கால் இல்லை, உணர்கொம்பும் கையும் சேர்ந்த ஓர் உறுப்பு. அதன் நுனியில் ஒட்டும் திண்டு ஒன்று உள்ளே மடிந்திருக்கும். வேண்டும்போது வெளியே வரும். அதனால்தான் வழவழப்பான டைல்ஸ் சுவரில்கூட ஏறிவிடுகிறது, பறக்கும் பூச்சியை ஒட்டிப் பிடித்துவிடுகிறது. அடுத்த ஜோடி கால், ஆனால் மெலிந்தது. அதைத் தரையில் ஊன்றாமல் தூக்கிப் பிடித்துத் தடவிப் பார்த்துக்கொண்டே போகும். ஓடுவது மீதி மூன்று ஜோடியில். கடைசிக் கால்களின் அடியில், ஒரு காலுக்கு ஐந்தாக, சிறிய மட்டை வடிவ உறுப்புகள் வரிசையாகத் தொங்கும். தரையில் படிந்த வாசனைகளை அறிய அவை உதவுகின்றன. கல்லூரி ஆய்வகத்தில் லென்சில் முதன்முதலாக அந்த மட்டைகளைப் பார்த்தபோது ஏற்பட்ட வியப்பு எனக்கு இன்னும் குறையவில்லை. வேறு எந்த உயிரிடமும் அப்படி ஓர் உறுப்பு கிடையாது.

இனி தாடைகள். அவற்றைப் பார்த்துத்தான் கொல்கிறார்கள். இரண்டு தாடை, ஒவ்வொன்றும் மேலும் கீழுமாக வெட்டும் ஓர் இடுக்கி. சில இனங்களில் உடல் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை இருக்கும். சிலந்தி விஷத்தைச் செலுத்தி இரையை மயக்கிவிட்டுச் சாவகாசமாகத் தின்னும். இதனிடம் அந்த வசதி இல்லாததால் பிடித்த பிடியை விடாமல் அரைத்தே கொல்ல வேண்டும். ஒரு தாடை பிடித்திருக்க மற்றது வெட்டும், பிறகு மாற்றி. இரையைக் கூழாக்கி, செரிமான நீரைக் கலந்து, உறிஞ்சும். கறையான், வண்டு, பாச்சை, சில சமயம் தேள், சிறு பல்லி எல்லாம் அதன் சாப்பாடு. தாமஸ் ஹட்டன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி இந்தியாவில் ஒரு பெரிய கேலியோடஸைப் பிடித்துவைத்துப் பார்த்து 1843-இல் எழுதிய குறிப்பு இருக்கிறது. வால் நீங்கலாக மூன்று அங்குல நீளமுள்ள பல்லியைத் தோளுக்குப் பின்னால் கவ்வி, தின்று முடிக்கும் வரை பிடியைத் தளர்த்தவில்லை என்கிறார். சில வேளை நகர முடியாத அளவுக்கு வயிறு புடைக்கத் தின்னும் என்றும் சொல்கிறார்.

ஓட்டத்தின் ரகசியம் மூச்சில் இருக்கிறது. சிலந்திகளும் தேள்களும் புத்தகத் தாள்போல் அடுக்கிய நுரையீரலை நம்பியிருப்பதால் அவற்றால் வெகுநேரம் ஓட முடியாது. இதன் உடம்பு முழுக்கப் பூச்சிகளுக்கு இருப்பதுபோல் காற்றுக் குழாய்கள் கிளை பரப்பியிருக்கின்றன. அதனால் இரவெல்லாம் நிற்காமல் ஓடித் தேட முடிகிறது. வலை பின்னாது, பட்டுநூல் சுரப்பியே இல்லை. ஓர் இடத்தில் காத்திருந்து பிடிக்கும் பழக்கமும் அநேகமாக இல்லை. ஓடு, தடவு, கவ்வு, தின்னு, மறுபடி ஓடு. விடியும் முன் மண்ணைத் தோண்டிக்கொண்டோ கல்லுக்கடியில் நுழைந்தோ மறைந்துவிடும்.

இந்த ஓட்டத்தின் ஆயுள் குறைவு. பெரும்பாலானவை ஓர் ஆண்டைத் தாண்டுவதில்லை. புணர்ச்சியின்போது ஆண் பெண்ணைத் தாடையால் தொட்டுத் தடவ, பெண் சற்று நேரம் மயங்கியதுபோல் அசையாமல் கிடக்கும். அந்த இடைவெளியில் ஆண் தன் விந்துப்பையைத் தாடையாலேயே எடுத்து வைத்துவிட்டு விலக வேண்டும். தாமதித்தால் எழுந்துகொள்ளும் பெண்ணுக்கு இரையாகவும் நேரலாம். பெண் ஆழமாக வளை தோண்டி, இனத்தைப் பொறுத்து ஐம்பது முதல் இருநூறு வரை முட்டை இடும். வெளிவரும் குஞ்சுகள் முதல் தோலை உரிக்கும் வரை வளைக்குள்ளேயே அசையாமல் கிடக்கும். அந்தச் சில வாரங்கள் மண் கிளறப்படாமல் இருக்க வேண்டும். இதைப் படிக்கிறவர்கள் நினைவில் வைத்திருக்கக் கேட்டுக்கொள்கிறேன். நிலத்தைப் பற்றிப் பேசும்போது இதற்கு வருவேன்.

வாட்ஸ்அப் படங்களுக்கும் பதில் சொல்லியாக வேண்டும். விடுதிப் பெண்களின் போன்களில் சுற்றும் படம் ஒன்று உண்டு: ராணுவச் சீருடை அணிந்த ஒருவர் அருகில், ஆள் தொடை நீளத்துக்கு இரண்டு ஒட்டகச் சிலந்திகள் தொங்கும். அது இராக்கில் இருந்து 2004-இல் பரவிய படம். ஒன்றையொன்று கவ்விய இரண்டைக் கேமராவுக்கு மிக அருகில் பிடித்து எடுத்தது. அதனால்தான் அந்த அளவு. உண்மையில் உலகிலேயே பெரியதைக் காலோடு சேர்த்து அளந்தாலும் ஏறக்குறைய 15 சென்டிமீட்டர். ஒட்டகத்தின் வயிற்றைத் தின்னும், தூங்குகிறவரின் சதையை மரக்கவைத்துக் கடிக்கும், குழந்தைபோல் அலறும் என்ற கதைகள் 1991 வளைகுடாப் போரின்போதே படைவீரர்களிடையே இருந்தன. மரக்கவைக்க அதனிடம் எதுவுமில்லை. சில இனங்கள் தாடைகளை உரசிச் சீறும், அவ்வளவுதான். மணிக்கு 16 கிலோமீட்டர் என்பதே அதன் உச்ச வேகத்துக்குச் சொல்லப்படும் மதிப்பீடு; ஜீப்பைத் துரத்திய கதைக்கு அது போதாது.

"என்னையேதான் தொரத்துச்சுங்க்கா" என்று அழுத ஓவர்லாக் டெய்லரைத் தண்ணீர் குடிக்கவைத்து உட்காரச் சொல்லியிருக்கிறேன். அவள் பொய் சொல்லவில்லை. வெட்டவெளியில் வெயில் நேரத்தில் இது மனித நிழலைத் தேடி ஓடிவரும். ஆள் விலகினால் நிழல் விலகும், இதுவும் கூடவே வரும். பளிச்சென்று விளக்கெரியும் தையல் கூடத்தில் இருட்டான இடம் எது? பவர் டேபிளின் அடியில், பெடல் பக்கம், துணிக் குவியலின் கீழே. அங்கேதான் டெய்லரின் பாதங்களும் இருக்கின்றன. அது போக விரும்பிய இடத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள். இதை அவளுக்குச் சொன்னபோது முகத்தில் தெளிவு வந்தது. எந்த மருந்து வாசனையும் தராத ஆறுதல் அது. அதனால்தான் பயத்துக்கு விளக்கம் தருவதும் என் வேலையில் சேர்த்தி என்று நினைக்கிறேன்.

விஷமில்லை என்று சொல்லும்போது ஒரு விலக்கையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 1978-இல் அருச்சாமி, சுந்தர ராஜுலு என்ற இரண்டு ஆய்வாளர்கள், இந்தியாவில் வாழும் ராகோடஸ் நைக்ரோசிங்டஸ் என்ற இனத்தில் விஷச் சுரப்பிகள் இருப்பதாக ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அந்தச் சுரப்பைப் பல்லிகளுக்கு ஊசியில் செலுத்தியபோது பத்தில் ஏழு செயலிழந்தன என்றார்கள். உலகெங்கும் இந்தக் குலத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் இன்றும் மேற்கோள் காட்டும் கட்டுரை அது. ஆனால் அதன் பிறகு யாரும் அதை உறுதிப்படுத்தவில்லை. ஒரே இனத்தில் ஒரே ஆய்வு. அதிலும் ஊசியில் ஏற்றியதே தவிர, கடித்ததால் நேர்ந்தது இல்லை. பிற ஆய்வுகள் எதிலும் விஷச் சுரப்பி தென்படவில்லை. மனிதரைக் கடித்தால் ஏற்படுவது வெட்டுக்காயம். பெரியது கடித்தால் ரத்தம் வரும். சோப்புப் போட்டு நன்றாகக் கழுவி, கிருமிநாசினி தடவி, டெட்டனஸ் ஊசி போட்டு எவ்வளவு நாளாயிற்று என்று பார்த்துக்கொண்டால் போதும். புண் சீழ் பிடிக்காமல் கவனிக்க வேண்டும். கடித்தது எது என்று பார்க்கவில்லை என்றால் மட்டும் யோசிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். கடித்தது பாம்பாகவும் இருக்கலாம்.

அப்படியானால் அது ஏன் கம்பெனிக்குள் வருகிறது? நம்மைத் தேடி வரவில்லை. நம் விளக்கைத் தேடி வரும் பூச்சிகளைத் தேடி வருகிறது. திருப்பூரைச் சுற்றிப் புதிதாகக் கட்டும் ஷெட்டுகள் எல்லாம் ஊருக்கு வெளியே, முள்காட்டுக்கும் மேய்ச்சல் நிலத்துக்கும் நடுவில் எழும்புகின்றன. நான்கு பக்கமும் கும்மிருட்டு. நடுவில் வெள்ளை வெளிச்சம் கொட்டும் ஒரு கட்டடம். முதல் மழைக்கு மறுநாள் ஈசல் கிளம்பிச் சுவரெல்லாம் ஒட்டிக்கொள்ளும். விளக்கடியில் வண்டு சொரியும். கன்டெய்னர் ஏற்றும் இரவுகளில் லோடிங் ஷட்டர் பாதி தூக்கியே இருக்கும்; வாசலுக்கு நேர் மேலே ஃபிளட் லைட். இரவெல்லாம் ஓடித் தேடும் ஒரு வேட்டை உயிருக்கு இதைவிட வளமான இடம் அந்த வட்டாரத்தில் கிடைக்காது. பூச்சியின் பின்னால் ஓடி வாசலைத் தாண்டிவிடுகிறது. உள்ளே வந்தபின் அதற்கே வழி தெரிவதில்லை.

இந்தச் சங்கிலியில் மருந்து எந்தக் கண்ணியை அறுக்கிறது? எதையும் இல்லை. சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் வகை மருந்துகளைத்தான் பெரும்பாலும் அடிக்கிறார்கள். தரையில் ஊர்ந்தே வாழும் கரப்பானுக்கும் எறும்புக்கும் அவை வேலை செய்யும். நாளை இரவு முள்காட்டிலிருந்து ஓடிவரப் போகும் ஒட்டகச் சிலந்தியை இன்று மதியம் அடித்த மருந்து வாசலில் தடுத்து நிறுத்தாது. விளக்கு எரியும் வரை பூச்சி வரும். பூச்சி வரும் வரை அதுவும் வரும். ஆனால் நம் மனிதர்களுக்கு அந்த மருந்து என்ன செய்கிறது? தோல் எரிச்சல், கண் எரிச்சல், தொண்டைக் கமறல். ஞாயிறு அடித்துவிட்டுத் திங்கள் காலை கூட்டிப் பெருக்க வருகிற அம்மாக்களுக்குக் கையுறைகூட இருக்காது. அவர்கள் தலைவலி என்று முதலுதவி அறைக்கு வருவார்கள். முதலுதவிப் பதிவேட்டில் தலைவலி என்று மட்டும் பதிவாகும். அந்த இரண்டு பதிவேடுகளையும் ஒரே மேசையில் விரித்துப் பார்க்கிறவள் என்பதால் இதைச் சொல்கிறேன்.

இது தொழிலையும் தொடுகிற விஷயம். இங்கிருந்து போகும் உடுப்புகளுக்கு ஓக்கோ-டெக்ஸ் போன்ற சான்றிதழ்கள் கேட்கிறார்கள். அந்தச் சோதனையில் பூச்சிக்கொல்லி எச்சமும் ஒரு பகுதி; மூன்று வயது வரையிலான குழந்தைகளின் உடுப்புகளுக்குத்தான் வரம்புகள் மிகக் கடுமை. ரசாயனம் தொடாமல் விளைந்த பருத்தி என்று கூடுதல் விலை கொடுத்து நூல் வாங்கி, அதைப் பின்னி, கைக்குழந்தைச் சட்டையாகத் தைத்து, அயர்ன் முடித்து மேசையில் அடுக்கிவைத்திருக்கும் கூடத்தின் மூலைமுடுக்கெல்லாம் பூச்சிக்கொல்லி தெளிப்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. தணிக்கையாளர்களும் யோசிக்க வேண்டும். மருந்தடித்த தேதி இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். ஏன் அடித்தீர்கள், அடிக்காமல் என்ன செய்திருக்கலாம் என்று கேட்பவர் அரிது. தேதி விடுபட்டால் குறை எழுதுவார்கள் என்பதற்காகவே தேவையில்லாத மாதத்திலும் அடித்து நிரப்பும் இடங்கள் உண்டு.

செய்ய வேண்டியது பெரிய செலவில்லை. கதவுக்கு அடியில் விரல் நுழையும் இடைவெளி இருந்தால் ரப்பர் பட்டை அடிக்க வேண்டும். ஷட்டருக்கும் அப்படியே. வாசலுக்கு மேலே இருக்கும் வெள்ளை விளக்கைக் கழற்றி, பத்திருபது அடி தள்ளி ஒரு கம்பத்தில் மாட்டி அங்கிருந்து வாசலை நோக்கித் திருப்பினால் பூச்சிக் கூட்டம் கம்பத்தோடு நின்றுவிடும். விளக்கு மஞ்சள் நிறமானால் பூச்சி இன்னும் குறையும். கட்டிங் வேஸ்ட் மூட்டைகளைச் சுவரோடு சேர்த்துத் தரையில் குவிக்காமல் மேடைமேல் வைக்க வேண்டும். இதையும் மீறி உள்ளே வந்துவிட்டால் அகலமான டப்பாவால் மூடி, அடியில் கெட்டி அட்டையைச் செருகி, வெளியே வேலிப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிடலாம். டப்பாவின் சுவரிலும் அது ஏறும் என்பதால் மூடியை மறக்கக் கூடாது. எங்கள் நிறுவனத்தில் விளக்கை மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்து, அது நடக்கச் சில மாதம் பிடித்தது. மாற்றிய பிறகு வந்த கோடை மழைக்கு லோடிங் வாசலில் ஈசல் சிறகு கூட்டும் வேலையே பாதியானது. ஒட்டகச் சிலந்தி இரண்டு வந்தது. இரண்டையும் டப்பாவில் பிடித்து வெளியே விட்டது அதே வாட்ச்மேன் அண்ணன்தான்.

மருந்தில் மிச்சமாகும் பணத்தை எங்கே போடலாம் என்றும் சொல்கிறேன். கம்பெனியிலிருந்து விடுதிக்குப் போகும் பாதையில். அங்கே உண்மையான ஆபத்து இருக்கிறது. கட்டட வேலை முடிந்து மிஞ்சிய செங்கல் அடுக்கில் செந்தேள் இருக்கும். வேஸ்ட் மூட்டைகளுக்கு எலி வரும், எலிக்குப் பாம்பு வரும். செந்தேள் கொட்டினால் இதயம் பாதிக்கப்பட்டு உயிர் போகலாம். மகாராஷ்டிரத்தின் மகாட் ஊரில் மருத்துவர் ஹிம்மத்ராவ் பவஸ்கர் பிராசோசின் மாத்திரையைக் கொண்டு அந்தச் சாவுகளைக் குறைத்துக் காட்டினார். மாத்திரை இருந்தாலும் நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். பாம்புக்கடியைக் கட்டாயம் அறிக்கை செய்ய வேண்டிய நோயாகத் தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் அறிவித்தது. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து, செருப்பில்லாமல், டார்ச் இல்லாமல், இருட்டில் நடந்து வரும் பிள்ளைகளுக்கு எந்த ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்பது அவர்கள் மொழியில் எழுதி ஒட்டப்பட்டிருக்கிறதா? 108 என்ற எண்ணாவது தெரியுமா? பாதையோரப் புல்லை வெட்டி, தாழ்வான மஞ்சள் விளக்கு போட்டு, ஆளுக்கொரு டார்ச் கொடுத்தால் அந்தப் பணம் சரியான இடத்துக்குப் போனதாக அர்த்தம். ஆபத்தில்லாத உயிர்மேல் மருந்தடித்துவிட்டு ஆபத்தான பாதையை அப்படியே விட்டுவைப்பது பாதுகாப்பு ஆகாது.

இப்போது நிலத்துக்கு வருகிறேன். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடக்கும் எங்கள் மாவட்டத்தில், காங்கயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம் பக்கம் கொறங்காடு என்ற மேய்ச்சல் நிலம் இருக்கிறது. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே நிழலுக்கும் நெற்றுக்கும் வெள்வேல மரம். மாட்டையும் ஆட்டையும் ஒரு காட்டில் மேய விட்டு, பிறகு அடுத்த காட்டுக்கு மாற்றுவார்கள். அடிக்கடி உழுவதில்லை. காங்கயம் காளை வளர்ந்தது இந்தப் புல்லில். தனியார் பட்டா நிலங்களாக இருந்தும் தலைமுறைகளாக மேய்ச்சலுக்கென்றே வைத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள். கிளறாத மண், கறையான், வண்டு, காய்ந்த புல், வெயில் என்று ஒட்டகச் சிலந்தி கேட்கும் எல்லாம் அங்கே இருக்கிறது. முட்டையிட்ட வளை கலையாமல் இருக்க உழாத நிலம் வேண்டும் என்றேனே, அது இதுதான்.

இந்த நிலம் இப்போது மனைகளாகிக்கொண்டிருக்கிறது. கிளுவையைப் பிடுங்கிக் கல்கால் நட்டு, வண்ணக்கொடி கட்டி, சைட் விற்பனை என்று பலகை வைக்கிறார்கள். இல்லையென்றால் குடோன் வருகிறது. நான் சம்பளம் வாங்குவதே இப்படி வளர்ந்த தொழிலில்தான். தொழில் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தேசிய அளவில் வெளியிடப்படும் தரிசு நில வரைபடத்தில் புதர்க்காடுகளையும் தரிசு என்ற தலைப்பின் கீழ்தான் வகைப்படுத்துகிறார்கள். தரிசு என்று எழுதிவிட்ட நிலத்தை யாருக்கும் எதற்கும் கொடுக்கலாம் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. நொய்யல் ஆற்று விஷயத்தில் நமக்கு அனுபவம் இருக்கிறது. சாயத் தண்ணீர் ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, கீழ்மடை விவசாயிகள் ஆண்டுக்கணக்கில் வழக்கு நடத்தி, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்ன பிறகுதான் ஊரே விழித்தது. நஞ்சராயன் குளத்துக்குப் பறவைகளை நேசிக்கும் மனிதர்கள் இருந்தார்கள். 2022-இல் பறவைகள் சரணாலயமாயிற்று, 2024-இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்தது. அந்தக் குளத்துக்குக் கிடைத்த மரியாதையில் ஒரு பங்காவது புல்லுக்கும் முள்ளுக்கும் கிடைக்க வேண்டும். கொறங்காட்டை மேய்ச்சலுக்கே வைத்திருக்கும் குடும்பங்களுக்கு அரசு ஏதாவது ஓர் ஊக்கத்தொகை கொடுக்கலாம். புதுத் தொழிற்கூட அனுமதியில், எல்லையோரம் ஒரு பட்டை நிலத்தைக் கிளுவை வேலியோடு அப்படியே விடச் சொல்லி ஒரு நிபந்தனை சேர்க்கலாம். இரண்டுமே நடக்கக்கூடியவை.

அதோடு, இவற்றைப் பற்றி நாம் அறிந்தது குறைவு. பிடித்து அடைத்துவைத்தால் பெரும்பாலானவை சில வாரங்களில் செத்துவிடும் என்பதால் ஆய்வுக்கூடத்தில் வளர்த்துப் படிப்பது கடினம். அமெரிக்க விலங்கியலாளர் ஃப்ரெட் பன்சோ 1998-இல் இந்தக் குலத்துக்கென்றே ஒரு நூல் எழுதினார். அதில் உள்ள தகவல்களில் பெரும்பகுதி பிற நாட்டுப் பாலைவனங்களைச் சேர்ந்தது. நம் கொறங்காட்டில் எந்தெந்த இனம் இருக்கிறது, எந்த மாதத்தில் குஞ்சு வெளிவருகிறது, வெள்ளாமைக்குக் கேடு செய்யும் பூச்சியில் எவ்வளவைத் தின்கிறது என்பதை இங்கேயே இருந்து பார்க்கிறவர்கள்தான் சொல்ல முடியும். திருப்பூரிலும் கோவையிலும் ஈரோட்டிலும் விலங்கியல் படிக்கும் மாணவிகளுக்கு இதைவிட நல்ல ஆய்வுப் பொருள் பக்கத்தில் கிடைக்காது. கோடை மழை பெய்த மறுநாள் இரவு, காலில் கெட்டியான பூட்ஸ், கையில் டார்ச், கூட நான்கு பேர் இருந்தால் போதும். காட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போக வேண்டும். நான் கேட்டுப் போன இடங்களில் யாரும் மறுத்ததில்லை; வேலிப் படலைத் திறந்துவிட்டு, எந்தக் கல்லடியில் தேள் இருக்கும், எந்தப் புற்றுப் பக்கம் போகக் கூடாது என்றும் கூடவே வந்து காட்டினார்கள்.